இரண்டு விரல் கீழே

சைக்கிள் சீட்டு மறுபடியும் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

மார்சுடி கையில் ஸ்பானரோடு கிணற்றடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று மாலை தன் இடுப்பெலும்புக்குச் சரியாக அவனே ஏற்றி முடுக்கிய சீட்டு. சைக்கிள் என்னவோ அவன் மாட்டிய இடத்தில்தான், வாய்க்காலைப் பார்த்துத் திறந்து கிடக்கும் பின்தாழ்வாரத்துக் கொக்கியில், தொங்கியது. பலா மரத்தைச் சுற்றிப் பனி இன்னும் விலகவில்லை. காற்று இல்லை. பின்சக்கரம் மட்டும் மெல்லச் சுற்றி, டிக், டிக் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு நின்றது.

“இன்னிக்கும் இறங்கிடுச்சா?” என்றாள் மனைவி இஸ்தி, அடுக்களை வாசலில் இருந்து.

“சீட் கம்பி கொஞ்சம் ஒல்லி. வழுக்குது. அவ்வளவுதான்.”

“ஆள் உட்காராமலே வழுக்குமா?”

மார்சுடி மறுபடியும் ஸ்பானரை மாட்டினான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வண்டி ஓடியாக வேண்டும்.

அவன் எழுத்தராக இருந்த நீர்ப்பாசன அலுவலகத்தில் ஏழு பேர் பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள்களில் ஞாயிறுதோறும் யோக்யா நகரத்திலிருந்து இமோகிரி ஊர் வரை போய் வருவார்கள். சொந்த சைக்கிள் இல்லாத மார்சுடி இரண்டு வருடமாக இஸ்தியின் ஸ்கூட்டரில், தண்ணீர் பாட்டிலும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாகப் பின்னால் உருட்டிக்கொண்டு போனான். அவனுக்கு அங்கே ‘பழத்துறை அமைச்சர்’ என்று பெயர். போன ஞாயிறு எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான்: “அடுத்த ஞாயிறு பழத்தை நீங்களே தூக்குங்க. நான் சைக்கிள்ல வர்றேன்.”

ஃபிரேம் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் விற்றாள். மெல்லிய குழாய், பச்சைப் பெயிண்ட், நல்ல இத்தாலி வேலை. யாருடையது என்று கேட்டான்.

“எங்க வீட்டுக்காரரோடது. கஸ்மின்னு பேரு. அவர் இல்லைங்க.”

மார்சுடி உடனே குரலைத் தாழ்த்தி, இறந்தவர்களுக்காகச் சொல்லும் “இன்னா லில்லாஹி”யைச் சொல்லி, நெஞ்சில் கையை வைத்தான். அந்த அம்மாள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். அப்புறம் விலையில் ஐம்பதாயிரம் ரூபியா குறைத்தாள்.

மிச்சத்தை இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தான். சக்கரங்கள் இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஹேண்டில்பார் ஒரு பக்கம் சற்றே தூக்கல். பிரேக்குக்கு யார் வீட்டிலோ இருந்து வந்த ஒயர். போன வெள்ளிக்கிழமை பூட்டி முடித்துக் கொக்கியில் மாட்டினான். சனிக்கிழமை காலையில் சீட்டு இரண்டு விரல் இறங்கியிருந்தது.

முதல் வைத்தியமாக, குளிர்பான டின்னிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, சீட் கம்பியைச் சுற்றி இறுக்கினான். மறுநாள் காலை சீட்டு இறங்கியிருந்தது. டின் பட்டை, எண்ணெய் துடைக்கப்பட்டு, நான்காக மடிக்கப்பட்டு, ஜன்னல் விளிம்பில் இருந்தது.

“இஸ்தி, இதை நீ மடிச்சியா?”

“நான் உங்க சட்டையையே மடிக்கிறதில்லை.”

இரண்டாவது வைத்தியத்தில் ஸ்பானருக்குள் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, முழு பலத்தோடு திருகினான். போல்ட் ‘டொப்’ என்று இரண்டாக முறிந்தது. வேறொரு போல்ட்டைத் தேடிப் போட்டான். மறுநாள் சீட்டு அதே இரண்டு விரல் கீழே. புது போல்ட்டில் கிரீஸ் தடவியிருந்தது. அதைவிட மோசம், பூட்டிய நாளிலிருந்து பன்றிக்குட்டி மாதிரி கத்திக்கொண்டிருந்த முன்பிரேக் இப்போது சத்தமில்லாமல் பிடித்தது.

மார்சுடி பிரேக்கை மூன்று தடவை அழுத்திப் பார்த்தான். அவனால் சரிசெய்ய முடியாத பிரேக் அது. சட்டென்று கையை எடுத்தான்.

திருடனாக இருக்குமோ என்றும் யோசித்தான். ஆனால் திருடனென்றால் சைக்கிள் போயிருக்க வேண்டும். வந்து, சீட்டை இறக்கி, பிரேக்கைச் சரிசெய்து, கிரீஸும் போட்டுவிட்டுப் போகிற திருடனை யோக்யாவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை இஸ்தியின் நகப்பூச்சால் சீட் கம்பியில் ஒரு சிவப்புக் கோடு போட்டான். புதன்கிழமை அந்தக் கோடு குழாய்க்குள் போயிருந்தது. பெடல் அச்சின் வலதுபக்கக் கப்பும் கழன்று, கை வைத்தாலே ஆடியது. தோளில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் ஜும்ரியிடம் ஓடினான்.

ஜும்ரி பீடியை வாயிலிருந்து எடுக்காமலே குனிந்து பார்த்தார். “இத்தாலி மரை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுத்தும். வலதுபக்கம் தானாக் கழலும், அதோட சுபாவம் அது.”

மார்சுடிக்கு உயிர் வந்தது. “அப்போ பேய் பிசாசு ஒண்ணுமில்ல?”

“சைக்கிளுக்கு ஏது தம்பி பேய்? மிதிக்க மிதிக்கக் கழலும். இது இவ்வளவு கழலணும்னா ஒரு எண்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டியிருப்பீங்க.”

“நான் இன்னும் தெருமுனை தாண்டலையே அண்ணே.”

ஜும்ரி பீடியை வாயிலிருந்து எடுத்தார். சைக்கிளைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். “கப்பை முடுக்கித் தர்றேன். காசு வேண்டாம். வெளியில எடுத்துட்டுப் போயிடுங்க.”

இஸ்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“செத்தவர் வந்து ஓட்டுறாரு.”

“மெதுவாப் பேசு.”

“யாருக்குக் கேட்டா என்ன? அவருக்குத்தான் தெரியுமே. பொழுது விடிஞ்சதும் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டு வாங்க.”

“ஞாயித்துக்கிழமை?”

“ஸ்கூட்டர் இருக்கு. வாழைப்பழமும் இருக்கு.”

மார்சுடிக்கு அது செத்துப்போவதைவிட மோசமாகத் தோன்றியது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். மறைந்தவரின் பெயரில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதி, தெருக்காரர்களுக்குச் சோறு போடுவது. ஆள் மனநிறைவோடு போய்விட்டால் வண்டி இருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலை சீட்டு இறங்கியிருந்தால் இரும்புக்காரன்.

வியாழக்கிழமை மதியம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தது: “மறைந்த கஸ்மின் அவர்களின் ஆன்மா சாந்தியடைய, இன்று அஸர் தொழுகைக்குப் பின் மார்சுடி வீட்டில் யாசீன்.” குரல் கூரைகளுக்கு மேல் போய், வாய்க்காலைத் தாண்டி, அந்தப் பக்கத்துத் தெருக்களிலும் கேட்டது.

இருபது பேருக்குச் சொன்னதில் இருபத்தொரு பேர் வந்தார்கள். வானம் கறுத்து, மழை வருகிற நேரம். பாயில் வரிசையாக உட்கார்ந்தவர்களின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. பின்தாழ்வாரத்தில் சைக்கிளின் நிழல் சுவரில் அசைந்தது.

ஓத வந்த பள்ளிவாசல் மோதினார் தொண்டையைச் செருமினார். “கஸ்மின் யாரோட மகன்? தகப்பன் பேர் இல்லாம ஓதினா துஆ யாருக்குப் போய்ச் சேரும்?”

மார்சுடி இஸ்தியைப் பார்த்தான். இஸ்தி கூரையைப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை.

“ரேபோ,” என்றது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல். “கஸ்மின் பின் ரேபோ. ரேபோவோட மகன்.”

குட்டையான ஒரு மனிதர். கறுப்புத் தொப்பி, கால்சட்டையின் வலதுகாலை ஏனோ ரப்பர் பட்டையால் கட்டியிருந்தார். யாரோ சொந்தக்காரர் என்று எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மார்சுடிக்கு நிம்மதியாக இருந்தது; துஆ தவறான விலாசத்துக்குப் போகாது.

ஓத ஓத அந்த மனிதர் அழத் தொடங்கினார். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமீன் சொன்னார். மறைந்தவரின் பாவங்களை மன்னிக்கும்படி மோதினார் வேண்டியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணும் கலங்கும்படி விசும்பினார். அதற்குப் பிறகு மஞ்சள் சோறு, பொரித்த தெம்பே சோயாத் துண்டுகள், முட்டை எல்லாவற்றையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மழை பிடித்துக்கொள்வதற்குள் எல்லோரும் பொட்டலத்தோடு புறப்பட்டார்கள். அந்த மனிதர் மட்டும் செருப்பைத் தேடுகிற சாக்கில் பின்தாழ்வாரம் வரை போய் வந்தார்.

மார்சுடி அவருக்கு இன்னொரு பொட்டலத்தைக் கொடுத்தான். “உங்களை இந்தப் பக்கம் பார்த்ததில்லையே அண்ணே?”

“வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தம்பி. பத்து மாசமா கலிமந்தான் தீவுல, சுரங்கத்துல வேலை. போன வெள்ளிக்கிழமைதான் வீடு வந்து சேர்ந்தேன்.”

“அடடா. வந்ததும் இப்படி ஒரு சேதி. கஸ்மின் உங்களுக்கு என்ன வேணும்?”

அவர் பொட்டலங்கள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மார்சுடியின் தோளை எட்டித் தட்டினார்.

“எனக்காக இத்தனை பேர் கையேந்தி நான் பார்த்ததே இல்லை தம்பி, மனசு நிறைஞ்சு போச்சு, ஞாயித்துக்கிழமை நீங்களே ஓட்டுங்க, மத்த நாள்ல மட்டும் அந்த சீட்டை ஏத்தி வைக்காதீங்க, விடியக்காலையில இறக்கி இறக்கிக் கை வலிக்குது.”