உங்கள் தங்கையின் ஜீப்பில் மூன்று அங்குலக் குறை

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நலம். தாங்களும், மூன்று வாரமாகத் தங்கள் வீட்டில் ஓய்வெடுக்கும் தங்கள் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். அவள் முழங்காலைத் தனியாக விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். கூரியரில் கடிதம் அனுப்புகிறேனே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். போனில் பேசினால் "யாரு, அவரா? இங்க குடுங்க" என்று அவள் பிடுங்கிக்கொள்வாள். என் குரலைக் கேட்ட மாத்திரத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்தும் விடுவாள். நடந்துதான் இருக்கிறது. ஆகவே முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்ப இருப்பவளை எப்படியாவது அடுத்த வியாழன் வரை அங்கேயே நிறுத்தி வைக்கவும். உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள், பல்வலி என்றாலும் சரி. அவளுடைய ஜீப் இப்போது ஜீப்பாக இல்லை.

அந்தக் குட்டை ஜீப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளின் குடைக்குக்கூட இடமிருக்காது. இருபத்தாறு வருடமாக அதை ஓட்டியது உங்கள் தங்கைதான். காலையில் என்னை வரைபட அலுவலகத்தில் இறக்கிவிட்டதும் அவள், மாலையில் வாசலில் ஹாரன் அடித்து அள்ளிக்கொண்டு வந்ததும் அவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மரம், மேகம், கடைப்பலகை என்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே வருவேன். ஓட்டக் கற்றுக்கொள்ள நான் மூன்று முறை முயன்றதும், மூன்று முறையும் கிளட்சை விட்ட நொடியில் வண்டி தவளை மாதிரி குதித்ததும் உங்களுக்குத் தெரியும். மூன்றாவது முறை இடிந்த சுவர் உங்களுடையது. அதை இப்போது கிளற வேண்டாம்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு மாதமாக "இடது கால் மிதிக்க மாட்டேங்குதுங்க" என்பதே அவள் பேச்சு. வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், தார்ப்பாயைத் தூக்கிவிட்டு ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். மச்சான், எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இனிமே நீங்கதான் ஓட்டணும்" என்று வேறு சொன்னாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பளிச்சென்று ஒரு யோசனை. இடைஞ்சல் செய்வது கிளட்ச்தானே, அதையே எடுத்துவிட்டால் என்ன? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வைத்தால் இடது காலுக்கு வேலையே இல்லை. அவள் பாட்டுக்கு ஓட்டுவாள், நான் பாட்டுக்கு வேடிக்கை பார்ப்பேன். அவள் உங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறிய அன்றே மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டேன்.

எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார்" என்பதால் அவருக்கு ஆயிடும் என்றே பெயர். அடிபட்டு நொறுங்கிய ஒரு பெரிய காரிலிருந்து கியர்பாக்ஸைக் கழற்றிக்கொண்டு வந்தார். பழையதைவிட நீளம். "இடம் இருக்கா சார், அளந்து சொல்லுங்க" என்றார். முப்பது வருடம் வரைபடம் போட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? உங்கள் தங்கையின் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து, வண்டிக்கு அடியில் படுத்து, அளந்து, எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பழைய கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் மிதியைப் பிடுங்கி, தளத்தகட்டை வெட்டித் திறந்த பிறகுதான் தெரிந்தது, அந்த டேப்பில் முதல் மூன்று அங்குலம் கிடையாது. எப்போதோ கிழிந்ததை வெட்டி எறிந்திருக்கிறாள். துணி அளக்கும்போது மனசுக்குள்ளேயே மூன்றைக் கழித்துக்கொள்வாள் போலிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

நீள வண்டியாக இருந்தால் மூன்று அங்குலம் யாருக்கும் தெரியாது. இந்தக் குட்டைக்கு அது உயிர்ப் பிரச்சினை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் நான்கு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது, அது பின்னுக்குத் தள்ளப்பட, அங்கிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டுக்கு இடமில்லாமல் போக, "எஞ்சினைக் கொஞ்சம் முன்னால நகர்த்தினா ஆயிடும் சார்" என்று அவர் நகர்த்த, விசிறி ரேடியேட்டரைக் கடித்துத் தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சியடிக்க, அதை அடைத்துவிட்டு நிமிர்ந்தால், திறந்த தளத்தை மூட அவர் வளைத்து வைத்த தகட்டு மேடு நான் உட்காரும் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இப்போது அந்த இருக்கையில் உட்கார்ந்தால் என் முழங்கால் தாடையில் இடிக்கிறது. என் கால்தானே, போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். நேற்று, பின் ஷாஃப்ட் இல்லாமலே முன் சக்கர இழுவையில் ஓட்டிப் பார்ப்போம் என்று கிளப்பினோம். முன்னால் போகும் இடத்தில் கியர் தடியை வைத்தார், வண்டி பின்னால் போயிற்று. இணைப்புக் கம்பியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார், புண்ணியவான். துணிக்கொடியும், என் இரண்டு பேன்ட்டும், அவள் ஆசை ஆசையாக வாங்கிய படுக்கை விரிப்பும் பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டன. கம்பியைத் திருப்பி மாட்டி மறுபடி கிளப்பினார். இந்த முறை முன்னால்தான் போனது. கேட்டுக்கு அருகில் வேகத்தைக் குறைக்க, பழக்க தோஷத்தில், இல்லாத கிளட்சை இடது காலால் ஓங்கி மிதித்தார். அங்கே இருந்தது ஆட்டோமேட்டிக்குக்காகப் புதிதாக வைத்த அகலமான பிரேக். என் நெற்றி கண்ணாடியில் போய் மோதியது.

"ஐயோ சார், ரத்தமா?"

"இல்லய்யா, வீங்கியிருக்கு."

"ஆயிடும் சார்."

இதை எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டேன். சுத்தியல் சத்தம் கேட்டால் பயமாக இருக்கிறது, நின்றுவிட்டால் இன்னும் பயமாக இருக்கிறது. பின் ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்க லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறோம், புதன்கிழமைதான் தருவார்களாம். மிதி இருந்த ஓட்டையை ரப்பரால் அடைத்தாயிற்று. அவள் வந்து "எங்கே என் மிதி?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அரைகுறை வண்டியைக் காட்டி "உனக்காகத்தான்" என்று எந்த முகத்தோடு சொல்வது? அவ மறுபடி ஓட்டணும் மச்சான், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த ஹாரன் சத்தம் கேட்டு நாலு மாசம் ஆச்சு. அவ வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கிறதப் பாக்க முடியல. ஆகவே, வியாழன் வரை. காய்ச்சல் என்றே சொல்லிவிடுங்கள், பல்வலி என்றால் வாயைத் திறந்து காட்டச் சொல்வாள்.

அக்காவுக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு ஆசிகள். தாங்கள் குடும்பத்தோடு நோய்நொடியின்றி (அந்த ஒரு பொய்க் காய்ச்சல் நீங்கலாக) வாழ வேண்டும் என்றும், படித்ததும் இதைக் கிழித்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளும்,

தங்கள் தங்கையின் கணவன்.

பி.கு.: அண்ணா, இது நான். மத்தியானமே வந்து சேர்ந்துட்டேன். மூணு நாளா இவர் போனே பண்ணலை, ஏதோ நடக்குதுன்னு சொன்னேன்ல, சரியாத்தான் போச்சு. நான் வந்தப்போ இவர் வண்டிக்கு அடியில இருந்தார், கடிதம் மேஜை மேல இருந்தது. உங்களுக்குக் காய்ச்சல் வேண்டாம். நாம ரெண்டு பேரும் போட்ட திட்டம் இப்படிப் போய் முடியும்னு நீங்களும் நினைச்சிருக்க மாட்டீங்க. என் கால் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சரியாயிடுச்சு, உங்க வண்டியில தினமும் கிளட்ச் மிதிச்சுத்தான் ஓட்டினேன்னு இவர்கிட்ட ஒப்புக்கிட்டேன். வலிக்குதுன்னே சொல்லிட்டிருந்தா வேற வழியில்லாம இவர் ஓட்டக் கத்துக்குவார்னு பார்த்தோம். நான் ஸ்டியரிங்கைத் துடைச்சதும் இவர் வந்து உக்காரட்டும்னுதான். மனுஷன் கிளட்ச் மிதிக்கக் கத்துக்கிறதுக்குப் பதிலா கிளட்சையே கழட்டிப் போட்டுட்டார்!

கேட்டதும் திட்டுவார்னு நினைச்சேன். "அப்போ கால் வலிக்கவே இல்லையா?"ன்னு கேட்டுட்டு, நெத்தி வீக்கத்தோட உக்காந்து அழுதார். எனக்குத்தான் வெக்கமாப் போச்சு.

முன் சக்கர இழுவையிலேயே தெருமுனை வரைக்கும் நான் போயிட்டு வந்தேன். நல்லாத்தான் இழுக்குது. இனிமே கிளட்ச் இல்லை, இவருக்குச் சாக்கும் இல்லை. நாளைக்குக் காலையில ஸ்டியரிங் பிடிக்கப் போறது இவர்தான். இவர் உக்கார்ற பக்கம் உக்காந்தும் பார்த்தேன், அந்தத் தகட்டு மேடு என் குட்டைக் காலுக்கு இடிக்கவும் இல்லை. அடுத்த மாசம் உங்க வீட்டுக்கு வர்றோம், சுவர்ப் பக்கம் யாரும் நிக்க வேண்டாம். இருபத்தாறு வருஷமா நான் ரோட்டை மட்டும்தான் பார்த்தேன் அண்ணா. நாளைக்கு மேகம் பார்க்கப் போறேன்.