பூஜ்ஜியத்துக்குக் கீழே யாருமில்லை

வாசிப்புக் குறைபாட்டை ஒரே மதியத்தில் அடியோடு ஒழித்த பெருமை இந்தப் பூவுலகில் ஒரே ஒரு பள்ளிக்குத்தான் உண்டு. கொடைக்கானல் மலையில், செண்பகனூரிலிருந்து டவுன் பஸ் ஏறினால் மூன்றாவது நிறுத்தம். அந்தச் சாதனைக்கு மூலகாரணமான தமிழாசிரியை ஜோதிமணி, அதற்காக இன்றுவரை ஒரு பொன்னாடைகூடப் போர்த்திக்கொள்ளவில்லை. அவ்வளவு அடக்கம்.

அவர் செய்ததெல்லாம் மனுப் போட்டதுதான். ஒன்பதாம் வகுப்பில் அஸ்ஃபியா என்றொரு பெண். பஜாரில் கம்பளிக் கடை வைத்திருக்கும் சம்சுல் ஆலமின் மகள். லீவு நாளில் கடையில் நின்றால் மலையாளிக்கு மலையாளத்திலும் வடக்கத்திக்காரருக்கு இந்தியிலும் பேசிக் குல்லாயை விற்றுவிடுவாள். பாடத்தை ஒருமுறை காதால் கேட்டால் வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தை விரித்தால் மட்டும் வேர்த்துவிடும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும்.

முறையாகச் சோதித்துச் சான்று வாங்கிவிட்டால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளைத் தருவார்கள். இல்லையென்றால் படிப்பு அதோடு சரி. அதற்காக ஜோதிமணி வருடத்துக்கு ஒன்றாக மூன்று மனுப் போட்டார்.

நான்காவது மனுவுக்கு 'மலைவட்டக் கற்றல் மேம்பாட்டு மையம்' மனமிரங்கியது. அதன் இயக்குநர் சுவாமிநாதன், ஒரு பெட்டியோடு நேரிலேயே எழுந்தருளினார்.

"உலகத்தரம், டீச்சர். ஜப்பான்ல இருந்து நேரா வந்துருக்கு."

ஜோதிமணி சோதனைத் தாள்களைப் புரட்டினார். எல்லாம் ஜப்பானிய எழுத்து. மேலட்டையில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு வரி: ஜப்பானிய மொழி பேசும் வளரிளம் பருவத்தினருக்கு மட்டும்.

"சார், நம்ம பிள்ளைகளுக்கு ஜப்பான் பாஷை தெரியாதுங்களே?"

"இருக்குறது அந்த ஒரு குறைதான். நிவர்த்தி பண்ணிருவோம்."

"தமிழ்லயே சோதிச்சாப் போதுங்க சார். அவ தவிக்கிறது தமிழ் வாசிக்கத்தான்."

"தமிழ்ல வச்சா நாலு பேரு தப்புக் கண்டுபிடிப்பான் டீச்சர். தமிழ் எல்லாருக்கும் தெரியுமே!"

நிர்வாக நுட்பம் அறியாத ஜோதிமணி தாள்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினார்.

'நிவர்த்தி நடவடிக்கை' வெரசாகத் தொடங்கியது. ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் ஆறு மாதம் வேலை பார்த்த அஜய், 'மொழி வல்லுநர்' ஆக நியமனம் பெற்றார். குனிந்து வணக்கம் சொல்வது, பேர் சொல்வது, 'இன்று நல்ல குளிர்' என்பது எல்லாம் பத்து நாளில் கற்பித்தார். எழுதப் படிக்க அவருக்கும் தெரியாது. அது நியமன விதியில் இல்லை. ஐந்தாம் நாளே அஸ்ஃபியா அவரிடம் ஜப்பானிய மொழியில் சந்தேகம் கேட்க ஆரம்பித்தாள்.

"இந்தப் பிள்ள என் சோலிய முடிச்சிரும் போலயே டீச்சர்!" என்றார் அஜய்.

சோதனை நாள் வந்தது. வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். தாளைப் பார்த்து ஒரு நிமிடம் வாசிக்க வேண்டும். ஒருவருக்கும் ஓர் எழுத்துகூட வரவில்லை. அஸ்ஃபியா சுற்றிலும் பார்த்தாள். மற்ற நாற்பத்திரண்டு பேரும் அவளைப் போலவே பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை ஜோதிமணி அதற்குமுன் கண்டதில்லை. அவருக்கு அழுகை வந்தது.

சுவாமிநாதன் விதியைப் படித்தார். சராசரிக்குக் கீழே மதிப்பெண் எடுப்பவருக்கே குறைபாடு.

"சராசரி பூஜ்ஜியம். பூஜ்ஜியத்துக்குக் கீழ யாராச்சும் இருக்காங்களா டீச்சர்?"

"இல்லைங்க சார், ஆனா..."

"அப்ப குறைபாடும் இல்ல!"

முதலிடம் யாருக்கு என்று முடிவுசெய்ய ஜப்பானிய மொழியிலேயே வாய்மொழித் தேர்வு நடந்தது. பதில் சொன்னது அஸ்ஃபியா மட்டும். 'மலைவட்டத்தின் தலைசிறந்த வாசிப்பாளர்' என்ற பட்டம் அவளுக்கே.

விழா மேடையில் சான்றிதழ் வழங்கப்பட்டது. உலகத்தரம் கருதி அதுவும் ஜப்பானிய எழுத்திலேயே அச்சாகியிருந்தது. அதுவரை பொறுத்திருந்த ஜோதிமணி மைக்கைப் பிடித்தார்.

"சார், என்ன எழுதிருக்குன்னு நீங்களே வாசிச்சிருங்க. பெத்தவங்க கேக்கட்டும்."

மைக் சுவாமிநாதனின் கைக்குப் போனது. அவர் தாளைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. கொடைக்கானல் குளிரிலும் அவருக்கு நெற்றி வேர்த்தது.

அஸ்ஃபியா மெல்லப் பக்கத்தில் வந்தாள். அவர் காதோடு அவள் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

"பயப்படாதீங்க சார். தாளையே பாத்துக்கிட்டு வாய்க்கு வந்தத நிறுத்தாமச் சொல்லுங்க. ஒன்பது வருசமா நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்."

சுவாமிநாதன் தாளையே பார்த்துக்கொண்டு ஒழுக்கம், உழைப்பு, உலகத்தரம் என்று ஐந்து நிமிடம் 'வாசித்தார்'. மண்டபம் கைதட்டியது.

மறுநாளே ஜோதிமணி ஐந்தாவது மனுவை எழுதினார். மேடையில் அஸ்ஃபியா சொன்னதையே ஆதாரமாகக் காட்டி, அவளைத் தமிழில் சோதிக்கும்படி நான்கு பக்கம் மன்றாடியிருந்தார். ஒரே வாரத்தில் பதில் வந்துவிட்டது. திரும்பி வந்த மனுவின் மேல் ஓரத்தில் இயக்குநர் பச்சை மையில் கைப்பட எழுதியிருந்தார்:

"வாசித்தேன். குறை ஏதும் இல்லை."