சனி பார்த்துச் சரிபார்த்தது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சனீஸ்வரனை நேருக்கு நேர் பார்த்துவிட்டு வந்து நிம்மதியாகச் சோறு தின்ற ஒரே மனிதர் எங்கள் முதலாளிதான். ஊர் அவருக்குச் சனியண்ணை என்று பெயர் வைத்தது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கம்பனி மூடி இவ்வளவு காலமாகியும் அவர் மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை. ஆறியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பண்டத்தரிப்பில், முன்பு புகையிலை போட்டுவைத்த கொட்டில் ஒன்றில் எங்கள் தொலைநோக்கிக் கம்பனி நடந்தது. அதற்கு முதல் அவர் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு திருத்தியவர். கனடாவில் இருந்து யாரோ அனுப்பிய தொலைநோக்கி ஒன்றைப் பார்த்துவிட்டு, "உது விளையாட்டுச் சாமான்" என்று சொல்லித் தானே செய்ய வெளிக்கிட்டார். பிளாஸ்டிக் குழாய், ஒளியைக் குவிக்கக் கையால் குழியாகத் தேய்த்த கண்ணாடியான குழிவாடி, பனைமரக் கால். குழிவாடி தேய்க்க இரண்டு அக்காமார். விற்க, பொதி செய்ய, ஏச்சு வாங்க நான்.

பொருள் நல்ல பொருள். அதுதான் வயிற்றெரிச்சல். அவருடைய சட்டம்தான் எங்களைத் தின்றது. ஒவ்வொரு தொலைநோக்கியையும் பொழுதுபட்டவுடன் சனியில் பிடித்து, வளையம் கோளில் இருந்து பிரிந்து தெரிந்தால்தான் பெட்டியில் போடலாம். சனி சூரியனோடு மறைந்துபோகும் மாதங்களில் ஒரு பெட்டியும் வெளியே போகாது. எங்கள் சனம் கோயிலில் கூடச் சனீஸ்வரனுக்கு முன்னால் நேரே நிற்காது. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்துவிடும். இந்த மனிதரோ அவரைக் குழாய் வைத்துக் கிட்ட இழுத்துப் பார்க்கச் சொன்னார். அக்காமார் ஐந்து மணிக்கே சைக்கிளை எடுத்துவிடுவார்கள். பரிசோதனைக் கொப்பியில் முதலாளிக்குக் கீழே இரண்டாவது கையெழுத்து வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"வளையம் பிரிஞ்சு தெரியுதோ?"

"ஓம் அண்ணை."

கொப்பி முழுக்க இந்த ஓம்தான்.

ஒருமுறை இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் வாங்கிப் போனார். மூன்றாம் நாள் அவருடைய மனைவி அதைத் திருப்பிக் கொண்டுவந்தா. "இவர் உதுக்குள்ளாலை சனியைப் பாத்தவர். மாட்டுக்குப் பால் வத்திப்போச்சு."

"மாட்டுக்கும் காட்டினவரோ?" என்று கேட்டார் சனியண்ணை.

இத்தோடு மனிதர் அடங்க வேண்டாமா? அடுத்த கிழமையே அச்சகத்துக்குப் போய்ப் பெட்டிக்கு லேபல் அடித்து வந்தார். உள்ளங்கை அளவு சிவப்பெழுத்து: சனி பார்த்துச் சரிபார்த்தது.

"அண்ணை, நிலா எண்டு போடுவம். நிலாவுக்கு ஒருத்தரும் பயமில்லை."

"நிலாவை ஓட்டைக் குழாயாலையும் பாக்கலாம். நிலாவைக் காட்டிப் பிள்ளையளுக்குச் சோறு தீத்து, போ."

கம்பனி இழுத்துக்கொண்டு கிடந்த அந்த நேரத்தில்தான் லண்டன்காரர் ஒருவர் வந்தார். தாயின் நினைவாகப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க அறுபது தொலைநோக்கி வேண்டும் என்றார். அது போனால் கம்பனி பிழைக்கும்; போகாவிட்டால் கொட்டிலுக்குப் பூட்டு. எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். "வேலை நிரந்தரமோ?" என்று பெண்ணின் தகப்பன் கேட்டதற்கு, நெஞ்சை நிமிர்த்தி "ஓம்" என்று வேறு சொல்லியிருந்தேன்.

லண்டன்காரர் பொருளை ஏற்றிப்போக வந்தது ஒரு சனிக்கிழமை. எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, திருநீறு காயாமல் நேரே வந்திருந்தார். அவருக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"ஐயா, உந்த லேபலை மட்டும் கழட்டிவிடுங்கோ. மிச்சமெல்லாம் சரி."

"அறுபதையும் சனியிலைதான் பிடிச்சுப் பாத்தனான். பாத்ததை மறைச்சு விக்கச் சொல்லுறியளோ?"

"மறைக்க வேண்டாம். எழுதாமல் விடுங்கோ."

"ரண்டும் ஒண்டுதான்."

நான் லண்டன்காரரைத் தேத்தண்ணிக்குக் கூட்டிப்போய் இருத்தினேன். சனியண்ணை சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஈரத்துணியும் நகமுமாக அறுபது லேபலையும் உரித்தேன். விரல் நுனியெல்லாம் எரிந்தது. லொறியில் ஏற்றியாயிற்று. போகிற போக்கில் லண்டன்காரர் ஆசையாக ஒரு குழாயின் மூடியைத் திறந்தார். மூடியின் உட்பக்கம் வெள்ளைப் பெயின்ரில், முதலாளியின் கையெழுத்தில், சனி. அறுபது மூடியிலும் சனி.

"லேபலை நீ உரிப்பாய் எண்டு எனக்குத் தெரியும்" என்றார் சனியண்ணை என்னிடம், வாசலில் நின்று கை துடைத்துக்கொண்டே.

பெட்டிகளை இறக்கிவிட்டு லொறி வெறுமையாகப் போனது. நான் வெடித்தேன். "உங்கடை விசராலை என்ரை வாழ்க்கை போச்சு! ஆர் கேட்டது உந்தச் சனியை? நீங்கள் ஒரு மனிசனோ?" வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். மனிதர் சரிந்து கிடந்த பெட்டியொன்றை நிமிர்த்தி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ ஒருநாளும் பாக்கேல்லை, என்ன?"

நான் லொறி போன பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

"குழாயிலை முகத்தை வைச்சுக்கொண்டு கண்ணை இறுக்கி மூடுறனி. நான் பக்கத்திலைதானே நிண்டனான்."

"பிறகேன் ஏசேல்லை?"

"ஓடினவையைத்தான் நான் ஏசுறது. நீ பயத்தோடை ஒவ்வொரு நாளும் வந்து நிண்டனி."

ஒரு சொல்லை மறைக்க மாட்டேன் என்று கம்பனியையே இழந்தவர், ஒரு கொப்பி நிறைந்த என் பொய்யைப் பக்கத்தில் நின்று பொறுத்திருக்கிறார். இதைக் கேட்டதும் என் கோபம் இரட்டிப்பாயிற்று. நன்றாகத் திட்டவும் விடாத மனிதர்.

கொட்டிலுக்குப் பூட்டு விழுந்தது. கல்யாணம் தள்ளிப்போய், நான் சாவகச்சேரியில் பம்புக் கடையொன்றில் சேர்ந்த பிறகுதான் நடந்தது. அதற்கு அவர் தந்த பரிசு ஒரு தொலைநோக்கி, லேபலோடு. அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன்.

போன மாதம் அவருடைய பார்வை போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று பின்னேரமே அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போனேன். முற்றத்தில் அவரைக் கதிரையில் இருத்தி, இருட்டத் தொடங்கியதும் பனைமரக் காலை நிறுத்தினேன். சனியைத் தேடிப் பிடிக்கப் பக்கத்தில் இருந்து வழி சொன்னவர் அவர்தான்.

"வளையம் பிரிஞ்சு தெரியுதோ?"

இந்தமுறை கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். ஆனால் தண்ணீர் நிறைந்து, வளையம் எது, கோள் எது என்று பிரியவில்லை.

"ஓம் அண்ணை, வடிவாத் தெரியுது."

அதற்கும் அவர் ஏசவில்லை.