ஒரு மின்விசிறிக்கு மூன்று நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். என் சுகம் திங்கட்கிழமை காலை எட்டரைக்கே போய்விட்டது. உன் மருமகளை, அதான் என் மகளை, பெண்கள் பள்ளியிலிருந்து எடுத்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பள்ளியில் போட்டுவிட்டோம். முடிவு உன் தம்பி பெண்டாட்டியுடையது. தலையாட்டியது மட்டும் நான்.

பழைய பள்ளியில் அவள் எப்படிப்பட்ட வாயாடி! டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே கை தூக்குவாள். பையன்கள் நடுவில் அந்த வாய் அடைத்துப்போகுமோ என்பதுதான் என் பயம். சும்மா போய் நின்றால் உள்ளே விடுவார்களா? எலக்ட்ரீஷியனுக்கா வழியில்லை! தலைமையாசிரியையிடம், "எட்டாம் வகுப்பு ஃபேன் சத்தம் போடுதாம் மேடம், நானே சும்மா பார்த்துத் தர்றேன்"னு சொல்லி ஏணியோடு நுழைந்துவிட்டேன். நன்றாக ஓடிய ஃபேன் அக்கா. அதில் மூன்று நாள் வேலை பார்த்தேன்.

ஏணி மேலேயிருந்து பார்க்கிறேன். அவள் பக்கத்தில் ஒரு நெட்டைப் பையன். முதல் நாள் ரப்பர் கேட்டான், மறுநாள் காம்பஸ் கேட்டான். என் ஸ்குரூடிரைவர் நழுவி அவன் நோட்டின் மேலேயே விழுந்தது, சத்தியமா நான் போடலை. "இந்தாங்க அங்கிள்"னு எடுத்து நீட்டுகிறான்! இவளோ மூன்று நாளும் குனிந்த தலை நிமிரவில்லை, ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை. மூன்றாம் நாள் கணக்கு வாத்தியார் கேட்டது, காலையில் என்னிடம் கடகடவென்று ஒப்பித்த அதே கேள்வி. எனக்குத் தாங்கலை. "சொல்லும்மா, உனக்குத்தான் தெரியுமே!"ன்னு ஏணியிலிருந்தே கத்திட்டேன். வகுப்பே அண்ணாந்து பார்த்தது. அவள் மட்டும் பார்க்கவில்லை.

என் பொண்ணு ஊமையாயிட்டா அக்கா. எனக்குச் சோறு இறங்கலை. நீ வேலை பார்க்கிற பெண்கள் பள்ளியில் எப்பாடுபட்டாவது ஓர் இடம் வாங்கிக் கொடு, உன் காலில் விழுகிறேன்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளை மாமா விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
கவலையில் பாதியாகிப்போன
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மகள் வந்துவிட்டாள். இன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. ஏழு தடவை கை தூக்கினாளாம். நெட்டையன் தப்பாகப் போட்ட கணக்கைப் போர்டில் போய்த் திருத்தினாளாம். "அப்ப மூணு நாளா பசங்களுக்குப் பயந்தா வாயை மூடிக்கிட்டிருந்தே?" என்றேன். "பசங்க இருந்தா என்னப்பா? தலைக்கு மேல அப்பா உட்கார்ந்திருந்தா யாருக்கு வாய் வரும்?" என்றாள். ஆகவே இடம் எதுவும் பார்க்காதே. அந்த ஃபேன் இப்போது நிஜமாகவே ஓடவில்லையாம். சரிசெய்ய ஆணோ பெண்ணோ யார் வந்தாலும் சரி, அப்பாக்கள் மட்டும் வேண்டாமென்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாராம்.