நள்ளங்கோ வம்சத்து மாப்பிள்ளை

“எங்க வம்சமே நள்ளங்கோ ராசா வழி வந்ததுதானுங்க” என்று சொல்லிவிட்டான் அருள்குமார்.

இப்படிச் சொல்லும் உத்தேசத்தோடு அவன் வெள்ளகோவிலுக்கு வரவில்லை. பெண் பார்க்கத்தான் வந்தான். காரில் வரும்போது தாய்மாமன் மாரப்பன்தான் கிளப்பிவிட்டார்.

“எண்ணெய் மில்லு வேங்கடசாமிக்கு நள்ளங்கோன்னு ஒரு பழைய ராசா மேல பைத்தியம் மாப்ள. ஊட்ல படமே மாட்டி வெச்சிருக்காராமா. ராசாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லிப்போடு, பொண்ணு நமக்குத்தான்.”

அருள்குமாருக்கு வயது முப்பத்து நாலு. பல்லடத்தில் கோழிப்பண்ணை. கோழிப்பண்ணை என்று கேட்டதுமே மூக்கைப் பொத்திக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். வேங்கடசாமியின் மகள் மேக்னா மட்டும் காபியைக் கொடுத்துவிட்டு, “கோழிக்கெல்லாம் ஃபேன் போட்டு உடுவீங்களாமா, நெசமாவா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்த நிமிடமே அவன் விழுந்துவிட்டான். இந்தப் பெண்ணை விட்டால் இந்த ஜென்மத்தில் வேறு பெண் இல்லை என்று தோன்றிவிட்டது. அந்தப் பதற்றத்தில்தான் நாலு வார்த்தை ஒரு வம்சமாக வந்து விழுந்தது.

டிவிக்கு மேலே, படத்தில், நள்ளங்கோ முறுக்கு மீசையோடு முறைத்துக்கொண்டிருந்தார்.

வேங்கடசாமியின் முகம் மலரவில்லை.

“தம்பி, அவரு எங்க கூட்டத்து மூல புருசனுங்களே!”

மாரப்பனுக்குக் குடித்த காபி புரையேறியது. கொங்கு நாட்டில் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கச்சி. எந்தப் பரிகாரத்தாலும் அதை மாற்ற முடியாது.

“அப்ப மேக்னா உங்களுக்குத் தங்கச்சியாகுதுங்களே” என்றார் வேங்கடசாமி.

சமையலறை வாசலில் நின்ற மேக்னா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அதிர்ச்சியா என்று தெரியவில்லை.

“ஏனுங்க, கூட்டம் வேறன்னு பாத்துப்போட்டுத்தானுங்க வந்தோம்!” என்று பாய்ந்தார் மாரப்பன். “மாப்ளைக்கு வாய் கொளறிருச்சு. ராசா வம்சம் இல்லீங்க. அவரோட தளபதி வம்சமுங்க.”

“தளபதியா?” வேங்கடசாமி எழுந்தே விட்டார். “கோட்டைக் கதவை எதிரிக்குத் தொறந்து உட்டவனே அவந்தானுங்க! துரோகி ஊட்டுக்கா எம்புள்ளையக் குடுக்கச் சொல்றீங்க?”

மாமனை நம்பினால் ஊர் போய்ச் சேர மாட்டோம் என்று அருள்குமாருக்குப் புரிந்தது. தானே இறங்கினான்.

“தளபதி இல்லீங்க, மருமகன்! ராசா எங்க ஊட்டுக்குத்தான் பொண்ணு குடுத்தாருங்க. நாம மாமன் மச்சான் முறைதானுங்க!”

பயலுக்கு மூளை இருக்கிறதே என்று மாரப்பன் பெருமையாகப் பார்த்தார். அந்தப் பெருமை வெகுநேரம் நிலைக்கவில்லை.

“குடுத்தாருங்க” என்றார் வேங்கடசாமி பெருமூச்சோடு. “அந்த மருமகன்தான் ராசா புள்ளையக் கண்ணீரும் கம்பலையுமாப் பொறந்த ஊட்டுக்கே தொரத்தி உட்டுட்டானுங்க. அந்த வம்சத்துக்கு இனிமே எங்காளுங்க பொண்ணே குடுக்கப்படாதுன்னு ராசா அன்னைக்கே ஆணை போட்டுட்டாருங்க.”

மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “வா மாப்ள, பொழுதோட கெளம்பலாம்.”

அருள்குமார் எழுந்திருக்கவில்லை. பாவம், அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஐயா, எனக்கு அந்த ராசாவைத் தெரியாதுங்க. எங்க பாட்டன் எருமை மேச்சவரு. அதுக்கு முன்னால யாருன்னு எங்கூட்ல யாருக்குமே தெரியாதுங்க. வெறும் கோழிக்காரன்னு சொன்னாப் பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு பயந்து பொய் சொல்லிப்போட்டேன். உங்க புள்ளைய எனக்கு அவ்வளவு புடிச்சுப்போச்சுங்க.”

மேக்னா இப்போது சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். வேங்கடசாமியோ ராஜாவின் படத்தைப் பார்த்தபடி விறைப்பாக நின்றார்.

“இல்லாத வம்சத்தைச் சொல்லிப் பொண்ணு கேக்கறவனுக்கு, எந்தத் தகப்பனாவது பொண்ணு குடுப்பானுங்களா?”

அதுவரை வாயே திறக்காமல் மிக்சர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி முத்தாத்தாள் நிமிர்ந்தாள்.

“எங்கய்யன் குடுக்கலீங்களா? மில்லுல மூட்டை தூக்கறவன்னு சொன்னாப் பொண்ணு கெடைக்காதுன்னு, என்னையப் பாக்க வந்தன்னைக்கு இந்த ராசாவையே உண்டாக்கினவரு நீங்கதானுங்களே!”