குரியாமா வளர்ப்புத் திட்டம்

வெளிநாட்டு அரசியல்வாதியைப் பெரிய ஆளான பிறகு வளைத்துப் பிடிப்பது சிரமம். சின்ன ஆளாக இருக்கும்போதே பிடித்து வளர்த்துவிட்டால், இருபது வருஷத்தில் அவன் மந்திரியாவான். சீனாவைப் பற்றிக் கடுமையாக ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு நாக்கு எழாது. சீனாவின் வெய்ஃபாங் நகரத்தில் இருந்த ஒரு ரகசிய அலுவலகத்தின் அசைக்க முடியாத கொள்கை இது. அந்த மகத்தான பணிக்காகத்தான் தெங் போச்சிங், கடல்பாசி வியாபாரி என்ற பெயரில், ஜப்பானில் ஹமாசே என்ற சிறு துறைமுக ஊருக்கு அனுப்பப்பட்டார்.

தெங் வளர்ப்பதற்குத் தேர்ந்தெடுத்த ஆள் நகரசபை உறுப்பினர் குரியாமா. மற்ற உறுப்பினர்கள் விருந்துக்கு வரமாட்டோம் என்று தலைவணங்கி மறுத்தார்கள். குரியாமா மட்டும் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அப்பா வைத்துவிட்டுப் போன பதவி. சபையில் தூங்குவார், சுட்ட விலாங்குமீனைக் கண்டால் விழித்துக்கொள்வார்.

விருந்துகள் தொடர்ந்தன. குரியாமா உடம்பால் வளர்ந்தார், பதவியால் வளரவில்லை. வெய்ஃபாங் அலுவலகத்திலிருந்து துணை இயக்குநர் பியான் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இலக்கு இன்னும் ஏன் மேயர் ஆகவில்லை, தோழருக்கு உழைப்பில் ஆர்வம் குறைந்துவிட்டதா என்றெல்லாம் விசாரித்தார்.

மேயராக ஓட்டு வேண்டும். ஓட்டு எப்படி விழும் என்பது தெங்குக்குப் புதிய பாடம். சொந்த ஊரில் அவருக்கு அதற்கு அவசியம் நேர்ந்ததில்லை. குரியாமாவைக் கேட்டார். ஜனங்களின் குறையைத் தீர்த்தால் விழும் என்று கேள்விப்பட்டிருப்பதாக அவர் சொன்னார். தீர்த்துப் பார்த்ததில்லையாம்.

ஆகவே தெங் தீர்க்க ஆரம்பித்தார். குன்றின் மேல் வீடுகளுக்கு பஸ் இல்லை. தெங் மனு எழுதினார், குரியாமா கையெழுத்துப் போட்டார், பஸ் வந்தது. மீன் சந்தைச் சாக்கடை அடைத்துக்கொண்டிருந்தது. தெங் காலையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய் எங்கே அடைப்பு என்று பார்த்துவந்தார், குரியாமா அதைச் சபையில் உணர்ச்சியோடு பேசினார். தெருவிளக்கு, பள்ளிக்கூடக் கூரை என்று ஒவ்வொன்றாக நடந்தது. கிழவிகள் குரியாமாவைக் கண்டால் கைகூப்பினார்கள். உளவு என்பது இவ்வளவு இடுப்பு வலி தரும் வேலை என்று தெங்குக்கு யாரும் சொல்லவில்லை.

பஸ் படத்தை மனைவி ஷுச்சினுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"தெங், நம்ம கட்டடத்துல லிஃப்ட் நின்னு ரெண்டு வருஷமாச்சு. பதினாறாவது மாடிக்கு அரிசி மூட்டையை நான்தான் சுமக்கிறேன். நீ என்னடான்னா அடுத்தவன் ஊர் கிழவிக்கு பஸ் விடுற."

"அது நாட்டுப்பணி."

"அப்ப நானும் ஜப்பான்காரியா மாறிடறேன். அப்பவாவது நாட்டுக்கு என் ஞாபகம் வருதான்னு பார்ப்போம்."

ஷுச்சின் சும்மா இருக்கிற ஆள் இல்லை. லிஃப்டைப் பற்றி இணையத்தில் நாலு வரி எழுதினாள். லிஃப்டைப் பார்க்க யாரும் வரவில்லை. அவளைப் பார்க்க இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள், பதினாறு மாடியும் ஏறி. மூச்சு வாங்கி முடித்ததும், இப்படி எழுதத் தூண்டிய அந்நிய சக்தி எது என்று கேட்டார்கள். ஜப்பானிலிருந்து அடிக்கடி போன் வருகிறதே, யார் அது? புருஷன் என்றாள். அவருக்கு அங்கே என்ன வேலை? அதைச் சொல்லக்கூடாது என்பது அரசாங்க உத்தரவு. ஷுச்சின் உத்தரவை மதித்து வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடியதே பெரிய சாட்சியாகிவிட்டது. அவளைத் தினமும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் பியானிடமிருந்து தெங்குக்கு அவசரக் கட்டளை வந்தது. வெய்ஃபாங்கில் ஒரு பெண் லிஃப்டை முன்னிட்டு மக்களைக் கிளப்புகிறாள், அவளை இயக்குகிறவன் ஹமாசேயில் இருக்கிறான், உடனே கண்டுபிடிக்கவும்.

தெங் போனில் உண்மையைச் சொன்னார். "தோழர் துணை இயக்குநரே, அது என் வீட்டுக்காரி."

பியான் உடனே கணக்குப் போட்டுவிட்டார். "உன் வீட்டுக்காரின்னு சொன்னா, எதிரிக்கு வேண்டியவளை இவ்வளவு நாள் நம்ம ஆளே வீட்டுல வச்சிருந்தான்னு ஆகும். எனக்குத்தான் கெட்ட பேர். நீ அந்த அந்நிய சக்தியையே தேடு."

"நான்தான் தோழரே அது."

"அப்ப வேலை சுலபம். ஆளைப் பிடிச்சு சீக்கிரம் அனுப்பு."

போனை வைத்துவிட்டு தெங் துறைமுகச் சுவர் ஓரம் போய் உட்கார்ந்தார். மனைவி கைதானாலும் ஆகலாம். ஊருக்குப் போனால் தன் கதையும் அதுதான். அப்போது சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் பெயர் ஒகிட்சு, ஜப்பானிய உளவுத் தடுப்புப் பிரிவு என்று பணிவோடு சொன்னார்.

தெங் இரண்டு கைகளையும் நீட்டினார். ஒகிட்சு விலங்கு எடுக்கவில்லை.

"நீங்க யார்னு வந்த மாசமே தெரியும், தெங் சான்," என்றார். "பிடிக்கணும்னு தோணினப்போ பஸ் வந்துச்சு. எங்க மேலதிகாரி வீடு குன்று மேலதான் இருக்கு. இப்ப நீங்க ஆரம்பிச்ச மழைநீர் வாய்க்கால் வேலை பாதியில கிடக்கு. அது முடியற வரைக்கும் நீங்க ஊருக்குப் போயிடக்கூடாது, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

தெங்குக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனைவியின் கதை முழுவதையும் சொன்னார். எதிரி நாட்டு அதிகாரி கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். சொந்த நாட்டில் அதை இப்படி யாரும் கேட்டதில்லை. தெங்குக்குத் துணிவு வந்தது.

"ஒகிட்சு சான், உங்க உளவாளி யாரையாவது வெய்ஃபாங்குக்கு அனுப்ப முடியுமா? அந்த லிஃப்டை மட்டும் சரி பண்ணிட்டா போதும்."

ஒகிட்சு சங்கடத்தோடு கழுத்தைச் சொறிந்தார்.

"எங்க ஆள் ஒருத்தர் ஏற்கெனவே அங்கதான் இருக்கார். உங்க கட்டடத்துலயே பதினெட்டாவது மாடி. லிஃப்டைப் பத்தி அவரும் எங்க தலைமையகத்துக்கு எழுதிக்கிட்டேதான் இருக்கார். ஆனா பதில் போடுற அதிகாரி மாற்றலாகிப் போயிட்டார்."