வடகத்துக்குக் காவல் நின்ன பூபதிராஜா

வாங்கப்பா, வாங்க. வந்து உக்காருங்க. வர்றப்பவே பாத்துப்போட்டன். ஒருத்தன் தலைல துண்டு. ஒருத்தன் தலைல பேப்பரு. இன்னொருத்தன் ஹெல்மெட்டக் கழட்டவே இல்ல. இருக்கற ஒரே ஒரு புங்கமரத்து நெழலுக்கு அத்தன பேரும் இடிச்சுகிட்டு நவுந்து நவுந்து வரீங்க. அவ்வளவு பயம் வெயிலுக்கு. ஆனா ஊட்டுல பொண்டாட்டி மொகத்துல வெயில் க்ரீம் பூசுனா மட்டும் வாயப் பொத்திகிட்டுச் சிரிப்பீங்க. சிரிங்க, சிரிங்க. என்ற மச்சான் பூபதிராஜாவும் அப்பிடித்தான் சிரிச்சாரு.

மச்சானத் தெரியுமல்ல? என்ற அக்கா ஊட்டுக்காரரு. பொறந்தது மீனாட்சிபுரம், குடியிருக்கறது பாலக்காட்டு டவுனு. டைல்ஸ் ஷோரூம்ல சூப்பர்வைசரு. காத்தால வெயிலேறு முந்தி ஏசிக்குள்ள போனாருன்னா பொழுது உளுந்த பொறவுதான் வெளிய வருவாரு. சூரியன்னு ஒண்ணு இருக்கறதே அவருக்கு டிவில சொல்லித்தான் தெரியும்.

எங்கக்கா மௌனிகா அப்பிடியில்ல. கரண்டு மீட்டர் ரீடிங் எடுக்கற வேல. சித்திர வெயில்ல, தார் ரோடு செருப்போட ஒட்டிகிட்டே வர்ற நேரத்துல, ஊடு ஊடாப் போயி, கேட்டத் தட்டி, நாயிகிட்ட இருந்து தப்பிச்சு, மீட்டரப் பாத்து பில்லக் கிழிச்சுக் குடுக்கோணும். அதனால கெளம்பு முந்தி மொகத்துக்கும் கழுத்துக்கும் க்ரீம் பூசி, முழங்கை வரைக்கும் ஒற மாட்டி, கண்ணு மட்டும் தெரியறாப்பல துப்பட்டாவச் சுத்தி, அதுக்கு மேல தொப்பியும் வெச்சு, கையில கொடையும் எடுத்துக்குவா.

அதப் பாத்தா மச்சானுக்கு நாக்கு சும்மா இருக்காது.

"என்ன அம்மிணி, பேங்குக் கொள்ளைக்கா?"

"மீட்டரு பாக்கறதுக்குங்க."

"மொகத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சிருக்குது? பொங்கலு எப்பவோ போயிருச்சே."

"உங்களாட்ட ஏசில உக்கோந்து டைல்ஸத் தொடச்சிருந்தா எனக்கும் வேண்டீதில்லீங்க."

"கருத்தாத்தான் என்னங்கறன்? நாந்தான் கட்டிகிட்டனே. இனி ஆருக்குக் காட்டப் போற?"

வாசக் கேட்டு வரைக்கும் போன அக்கா நின்னா. திரும்புனா.

"கருத்துருவன்னு பூசறனுங்களா நானு? தோலு வெந்துருதுங்க. போன வருசம் கழுத்து பொரிஞ்சு போயி வந்தப்ப நீங்கதானுங்க தேங்காண்ண பூசி விட்டீங்க. மறந்து போச்சுங்களா?"

மறக்கல. ஆனா ஞாபகம் இருக்குதுன்னு சொன்னா பேச்சுல தோத்துப் போவாரே? அதனால நேரா முப்பாட்டனக் கூப்புட்டுட்டாரு. பதிலு இல்லாதப்ப நம்ம ஆளுக எல்லாம் கூப்படறது அவரைத்தான.

"என்ற முப்பாட்டன் மீனாட்சிபுரத்துல உச்சி வெயில்ல ஏரு ஓட்டுனாரு. க்ரீமா பூசுனாரு? அதே ரத்தம் அம்மிணி இது!"

"ரத்தம் அவரு குடுத்ததுங்க. தோலு ஏசி குடுத்ததுங்க."

அந்த ஏசிங்கற வார்த்தைலதான் வம்பு முத்துச்சு. ஏன்னா அந்த வாரந்தான் சீட்டுக் காசு கைக்கு வந்திருந்துது. அக்கா ஏசி வாங்கோணுங்கறா. "பகலெல்லாம் வெந்துட்டு வந்து ராத்திரியும் வேகோணுமுங்களா?" மச்சானுக்கு புல்லட்டு வேணும். கொழிஞ்சாம்பாறைல ஒருத்தரு ஊட்டுல ஒரு பழைய புல்லட்டப் பாத்து, அதத் தடவிக் குடுத்துட்டே வந்திருக்கறாரு. அதுக்குன்னு புதுசா ஹெல்மெட்டு ஒண்ணு வாங்கி கட்டிலுக்கடில ஒளிச்சும் வெச்சாச்சு. மாடு வாங்கு முந்தி மணி வாங்குன ஆளு. கடேசில அக்காதான் ஒரு பந்தயம் கட்டுனா.

"சரிங்க. நாயித்துக்கெழம மொட்ட மாடில கூழ் வடகம் ஊத்தறன். காக்காய்க்குக் காவலு வேணும். வெயிலு ஏறுனதுல இருந்து எறங்கற வரைக்கும் நீங்க நில்லுங்க. தொப்பி, துண்டு, கொடை, க்ரீமு ஒண்ணும் கூடாதுங்க. தண்ணி டேங்கு நெழலுக்கும் போகக்கூடாதுங்க. நின்னு காட்டுனீங்கன்னா புல்லட்டு. பாதில எறங்குனா ஏசி."

"அவ்வளவுதான? ஹா!"ன்னாரு மச்சான். அந்த 'ஹா' இருக்குது பாத்தீங்களா, அதுல புல்லட்டு ஸ்டார்ட் ஆன சத்தமே கேட்டுது.

சனிக்கெழம சாயங்காலம் அக்கா பெரிய சட்டில அரிசிக் கூழு காச்சுனா. உப்பு, பெருங்காயம், பச்சமொளகா அரச்சு ஊத்தி, ஊடு பூரா அந்த மணம். மச்சான் ஜன்னலு வழியா மேல பாத்தாரு. பொழுது எறங்குன பொறவும் மாடித் தளத்துல இருந்து அனலு எறங்குது. அவரு மொகத்துல இருந்த முப்பாட்டன் மெல்ல எறங்கிப் போறது எனக்கே தெரிஞ்சுது.

என்னைய வெராந்தாப் பக்கம் தள்ளிகிட்டுப் போனாரு. நா அவுங்க ஊட்டுலதான் இருக்கறன். பாலிடெக்னிக்க நா விட்டனா, அது என்னைய விட்டுதான்னு இன்னும் முடிவாகல. முடிவாகற வரைக்கும் அக்கா ஊட்டு ஹாலு.

"மாப்ள, உங்கக்கா பூசுவாளே, அந்த க்ரீமு எங்க வெப்பா?"

"பாத்ரூம் அலமாரில, வெள்ள டப்பா. ஏன் மச்சான்?"

"சும்மா கேட்டன். எவ்வளவு பூசோணும் அது?"

"அள்ளிப் பூசோணுங்க. மெலுசாப் பூசுனா வேல செய்யாது."

"நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும், என்ன?"

நா என்ன, சொல்லற ஆளா?

நாயித்துக்கெழம விடிய முந்தி மச்சான் பாத்ரூமுக்குள்ள போயி, லைட்டுப் போட்டா அக்கா முழிச்சுக்குவான்னு இருட்டுலயே டப்பாவத் தெறந்தாரு. பெருங்காய வாசம் அடிச்சுது. ஊடே அப்பிடித்தான அடிக்குதுன்னு உட்டுட்டாரு. நாலு வெரல்ல அள்ளி இந்தக் கன்னத்துல ஒரு இழுப்பு. அந்தக் கன்னத்துல ஒரு இழுப்பு. கழுத்துல ரெண்டு. லேசா எரிஞ்சுது. நல்ல க்ரீமுன்னா அப்பிடித்தான் எரியுமுன்னு அவரே அவருக்குச் சொல்லிகிட்டாரு.

மாடில அக்கா வேட்டிய விரிச்சு வடகம் ஊத்திட்டு எறங்குனா. மச்சான் அதுக்குப் பக்கத்துல நெஞ்ச நிமித்தி நின்னாரு. கையில குச்சி, குச்சி முனைல கருப்புத் துணி. ஏதோ கோட்டைக்குக் காவலு நிக்கற தோரண.

வெயிலு ஏறுச்சு. மச்சான் மொகத்துல எதோ இறுகற மாதிரி இருந்துது. சிரிச்சுப் பாத்தாரு, ஒரு பக்கந்தான் வந்துது. அதுக்குள்ள அக்கா மோரு எடுத்துகிட்டு மேல வந்தா, கொடையோட.

"ஏனுங்க, மொகம் ஏனுங்க இப்பிடி வெளுத்திருக்குது?"

"அது... வெயிலு பட்டா ஆம்பளைக்கு வர்ற தேஜஸ் அம்மிணி."

அக்கா கிட்ட வந்து பாத்தா.

"தேஜஸு உரியுதுங்களே."

"வேர்வ உப்பு!"

"அப்பிடீங்களா. மொகங் கழுவத் தண்ணி கொண்டாரட்டுங்களா?"

கழுவுனா க்ரீமு போயிருமே! "தண்ணியா? என்ற முப்பாட்டன் ஏரு ஓட்டறப்ப நடுவுல மொகங் கழுவுனாரா?"

"அதுஞ் செரிதானுங்க"ன்னு அக்கா பதவிசா எறங்கிப் போயிட்டா. அவ்வளவு பதவிசா அவ பேசுனா நானெல்லாம் வாசலப் பாத்து நடக்க ஆரம்பிச்சிருவன். மச்சானுக்கு அந்தப் புத்தி இல்ல.

அடுத்த மாடில பர்வதம் டீச்சரு அப்பளாம் காயப் போட வந்தாங்க. கல்பாத்தி அக்ரகாரத்துக்காரங்க. மூக்கு ரொம்ப நல்ல மூக்கு.

"என்னடா பூபதி, மூஞ்சில என்னதாக்கும் தேச்சிண்டு நிக்கறாய்?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சர்!"

"ஒண்ணுமில்லையா? பெருங்காய வாசனை இங்க வரைக்கும் வரதே. வடாம் கீழே காயறதா, மேலே நிக்கறதா, எனக்கே தெரியலை கேட்டியா!"

அப்பத்தான் மொத காக்கா வந்துது. செவுத்து மேல உக்கோந்துது. மச்சான் குச்சிய ஆட்டுனாரு. காக்கா வடகத்தப் பாக்கவே இல்ல. தலைய ஒரு பக்கமாச் சாச்சு மச்சான் மூஞ்சியவே பாத்துது. அப்பறம் "கா"ன்னு சொந்தக்காரங்களையெல்லாம் கூப்புட்டுது. ரெண்டாவது வந்துது. நாலாவது வந்துது. அதுக்கு மேல எண்ணற நெலமைல மச்சான் இல்ல.

முப்பாட்டன் முப்பாட்டன்னு அந்த வாரம் பூராக் கூப்புட்டாருல்ல? நேர்லயே வந்துட்டாரு. பங்காளிகளையும் கூட்டிகிட்டு.

ஒண்ணு தோள்ல எறங்குச்சு. ஒண்ணு காதோரம் காஞ்சு நின்ன பொருக்கு ஒண்ண லாவகமாக் கொத்தி எடுத்துகிட்டுப் பறந்துது. மிச்சதுக்கெல்லாம் நம்பிக்க வந்திருச்சு. மச்சான் குச்சியச் சொழட்டுனாரு, குதிச்சாரு, விரிச்சிருந்த வேட்டிய மிதிச்சு வடகத்து மேலயே உளுந்தாரு. வேர்வைல ஊறுன பச்சமொளகா கண்ணுக்குள்ள எறங்குச்சு. அவ்வளவுதான். ரெண்டு ரெண்டு படியாத் தாண்டி எறங்கி ஓடியாந்தாரு.

"எரியுது! அய்யோ மொளகா! மொளகா!"

அக்கா சமையல்கட்டு வாசல்ல நின்னா. கையில ஈரத் துண்டு ரெடியா இருந்துது.

"மொளகாவா? வெயில்ல ஏதுங்க மொளகா?"

மச்சான் ஒரு கண்ணால அவளப் பாத்தாரு. இன்னொரு கண்ணு தெறக்கல. ஆமா, மொளகாதான்னு சொன்னா, அது எப்பிடி மூஞ்சிக்கு வந்துதுன்னு சொல்லோணும். க்ரீமத் திருடுனன்னு சொல்லோணும். இல்ல வெயிலுதான்னு சொன்னா, தோத்தாச்சு. அந்த நெலமைலயும் மனுசன் கணக்குப் போட்டாரு பாருங்க.

"வெயிலுதான் அம்மிணி. ஒத்துக்கறன். தோத்துட்டன். ஏசி வாங்கிக்கலாம்."

"சந்தோசமுங்க"ன்னு துண்ட நீட்டுனா. "நீங்க ஒரு நாளு, அதுலயும் அர நாளு நின்னீங்க. நா தெனமும் நிக்கறனுங்க. இனி மொகத்துல சுண்ணாம்பான்னு கேப்பீங்களா?"

"மாட்டன்."

மச்சானுக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். புல்லட்டு போனாப் போகுது, திருட்டு தெரியலையே! மானம் தப்பிச்சுதுன்னு நிம்மதியாத் தூங்குனாரு.

திங்கக்கெழம காத்தால கண்ணாடியப் பாத்தாரு. கூழு தடிப்பா இருந்த எடமெல்லாம் வெளுத்து, மெலுசா இருந்த எடமெல்லாம் கருத்து, ரெண்டு கன்னத்துலயும் நாலு நாலு வெரலு. அழகா, தெளிவா, வெரலு கணக்கா. இந்தக் கன்னத்துல ஒரு அறை, அந்தக் கன்னத்துல ஒரு அறை வாங்குன மாதிரியே.

கட்டிலுக்கடில இருந்த ஹெல்மெட்ட எடுத்து மாட்டிகிட்டுத்தான் வேலைக்குப் போனாரு. பஸ்ஸுல. ஷோரூம்ல முதலாளி கழட்டச் சொல்லிட்டாரு. கழட்டுன ஒடனே டைல்ஸ் பாக்க வந்த ஆளு ஒருத்தரு ரொம்ப இரக்கமாக் கேட்டாராம்: "எந்தா சேட்டா, வீட்டில் அடி கிட்டியோ?" அதுல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் மச்சானப் பாத்தா தோளத் தட்டிக் குடுத்துட்டுப் போறாங்க.

சாயங்காலம் வந்து அக்காகிட்ட எகிறுனாரு.

"ஊரு பூரா நீ என்னைய அடிச்சுப்போட்டன்னு பேசுது அம்மிணி!"

அக்கா கன்னத்தப் பக்கத்துல வந்து பாத்தா. தன்ற வெரல அது மேல வெச்சு அளந்தும் பாத்தா. சேரல.

"நா தொடவே இல்லீங்க. இது உங்க கையிங்க."

ஏசி வந்திருச்சு. ஹாலுல மாட்டியிருக்குது. மச்சான் தெனமும் காத்தால க்ரீமு பூசறாரு, லைட்டப் போட்டு, மோந்து பாத்துட்டு.

இப்ப நீங்க கேப்பீங்க, மச்சான் எங்கிட்ட மட்டும் சொன்னது அக்காவுக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு. நாந்தான் சொன்னன். கூழுல மொளகாத் திப்பிய வடிச்சு டப்பால ரொப்புனதும் நாந்தான். ஏசிக்கு நேர் கீழ பாயப் போட்டுப் படுக்கறதும் நாந்தான்.